கனாட் க்ரீக், 2003: பதினேழு பேர் போன பாதையும் அதற்கு மேலே இருந்த மலையும்

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. இந்தத் தேதியைச் சொன்னால் நம்மில் பலருக்குக் கல்பனா சாவ்லாதான் ஞாபகத்துக்கு வருவார். கொலம்பியா விண்கலம் தரையிறங்கும் முன் வானத்தில் சிதறிய நாள். டிவியைத் திருப்பினால் எல்லாச் சேனலிலும் அதே வெள்ளைக் கோடுகள். அது நடந்து சில மணி நேரம் கழித்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு இறங்கி 7 பள்ளிப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். கனடாவே அதிர்ந்தது. வெளி உலகத்தில் அந்தச் செய்தி மூலைக்குப் போய்விட்டது.

கால்கரிக்குத் தெற்கே உள்ள ஸ்ட்ராத்கோனா ட்வீட்ஸ்மியூர் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர், கூடப் போன பெரியவர்கள் 3 பேர். ஆக மொத்தம் 17. பனியில் ஏறுவதற்கான ஸ்கீ கட்டிக்கொண்டு, கிளேசியர் தேசியப் பூங்காவில் கனாட் க்ரீக் ஓடைக்கு ஒட்டிய பாதையில் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நண்பகலுக்குச் சற்று முன் மேலே மலைமுகம் உடைந்து இறங்கியது. 17 பேருமே அதில் சிக்கினார்கள்.

பனிச்சரிவு விபத்துகளைப் படிக்கும்போது பெரும்பாலும் ஒரு முட்டாள்தனம் கண்ணில் படும். எச்சரிக்கையைப் பார்க்காமல் போனார்கள், கருவி இல்லாமல் போனார்கள், 'நான் பார்க்காத மலையா' என்று ஒருவர் முன்னால் பாய்ந்தார், இப்படி ஏதாவது ஒன்று. இந்த விபத்தில் அப்படி எதுவும் கிடைக்காது. எச்சரிக்கையைப் பார்த்தார்கள். எல்லோரிடமும் கருவி இருந்தது. பிள்ளைகளுக்கு அதில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. தமிழில் 'பனி' என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் துளியும் அதுதான், ஊட்டியில் ஜனவரியில் புல்வெளியை வெளுக்கவைக்கும் உறைபனியும் அதுதான், இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் அதுதான். இந்தக் கட்டுரை முழுக்கப் பனி என்றால் கடைசியாகச் சொன்னதுதான்: வானத்திலிருந்து பூவாக விழுந்து அடுக்கடுக்காகப் படிவது. அடுக்கு என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

இடம்

இந்தப் பூங்காவின் நடுவே மலையைக் கடக்கும் வழிதான் ரோஜர்ஸ் கணவாய். அதற்குப் பனிச்சரிவோடு நூறு வருடத்துக்கும் மேலான உறவு. 1910 மார்ச் 4 இரவு, ஏற்கெனவே விழுந்திருந்த ஒரு சரிவைத் தண்டவாளத்திலிருந்து தோண்டி அகற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொன்று இறங்கி 58 ரயில்வே தொழிலாளர்களைக் கொன்றது. அவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானியர்கள். அப்புறம் ரயில்வே கணவாயை விட்டுவிட்டு மலைக்கடியில் 8 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டிக்கொண்டது. 1916இல் கனாட் சுரங்கம் திறந்தார்கள். 1962இல் நெடுஞ்சாலை அதே கணவாய் வழியே வந்தது. இன்றும் பனிக்காலத்தில் கனடா ராணுவத்தினர் அங்கே பீரங்கியோடு முகாமிட்டு, சரிவு புறப்படும் இடங்களைச் சுட்டு, சாலையை மூடி வைத்திருக்கும் நேரத்திலேயே பனியை இறக்கிவிடுகிறார்கள். அதாவது, இந்த மலைகள் எப்படிப்பட்டவை என்பது அரசாங்கத்துக்குத் தெரியாத சங்கதியே இல்லை.

அந்த நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரிவதுதான் கனாட் க்ரீக் பள்ளத்தாக்கு. அதன் தலைமாட்டில் பாலு கணவாய். நம்மூர்ப் பாலுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கரடியைக் குறிக்கும் இந்திச் சொல். பக்கத்துச் சிகரங்களும் அர்சஸ், கிரிஸ்லி என்று கரடி வம்சம்தான். காரணம் உண்டு. கோடையில் அங்கே நிஜமாகவே கரடி நடமாட்டம். சில சமயம் நாலு பேருக்குக் குறையாமல் நெருங்கி நடக்க வேண்டும் என்று பூங்காக்காரர்கள் உத்தரவு போடுவார்கள். பனிக்காலத்திலோ அதே பாதையில் ஒருவரை விட்டு ஒருவர் தள்ளிப் போகச் சொல்வார்கள்.

பாதை கரடுமுரடு கிடையாது. ஓடைக்கரையை ஒட்டி மெல்ல ஏறும். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கும். பிரபலமான பாதை என்பதால் முன்னால் போனவர்களின் ஸ்கீ தடம் எப்போதும் பதிந்திருக்கும். அதில் காலை வைத்துப் போனால் போதும். தெற்கே கியோப்ஸ் மலை, எகிப்தின் கியோப்ஸ் பிரமிடு போல இருப்பதால் அந்தப் பெயர். அதன் வடக்கு முகம் இந்தப் பாதைக்கு நேர் மேலே நிற்கிறது. பாதையில் நிற்பவனுக்கு மலையின் கீழ்ப்பகுதி தெரியும், மரங்கள் தெரியும். சரிவு புறப்படும் பனிக்கிண்ணங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

ஆனால் மரங்கள் சாட்சி சொல்லும். காடு அடர்ந்து வந்துகொண்டே இருக்கும். திடீரென ஒரு அகலமான வெட்டவெளிப் பட்டை, அதில் வளைந்து படுத்த ஆல்டர் புதர் மட்டும். மலைப்பக்கம் கிளையே இல்லாமல், கீழ்ப்பக்கம் மட்டும் கிளை விட்ட ஊசியிலை மரங்கள் அதன் ஓரத்தில் நிற்கும். யாரோ ஒரு பக்கம் மட்டும் அரிவாளால் கழித்ததுபோல இருக்கும். அதுதான் சரிவின் வழி. பனிக்காலத்தில் புதர்கள் பனிக்குள் புதைந்துவிடுவதால் அந்தப் பட்டை ஒரு அழகான திறந்த வெளியாகத் தெரியும். நின்று தண்ணீர் குடிக்கலாம், போட்டோ எடுக்கலாம் என்று தோன்றும்.

பனி

2002 நவம்பர் நடுவில் அந்த மலைத்தொடரில் மழை பெய்தது. பனிமேல் மழை விழுந்து, குளிர் திரும்பியதும் மேற்பரப்பு கண்ணாடித் தகடாக இறுகியது. அதன் மேல் புதுப்பனி விழுந்தது. இதோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை.

வீட்டு ஃப்ரீஸரில் ரொம்ப நாளாகக் கிடக்கும் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்பக்கமும் ஐஸ்கிரீமின் மேலேயும் பளபளவென்று உதிரிப் படிகங்கள் பூத்திருக்கும். விரலால் தட்டினால் பொலபொலவென்று கொட்டும், ஒன்றோடொன்று ஒட்டாது. ஈரம் ஆவியாக நகர்ந்து, குளிர்ந்த இடத்தில் படிந்து வளர்ந்தவை அவை. மலையிலும் இதேதான் நடக்கிறது. தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 15, மைனஸ் 20. நடுவில் உள்ள பனி மெல்லியதாக இருக்கும்போது, 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் வந்துவிட்டால், ஆவி கீழிருந்து மேலே நகர்ந்து பனித்துகள்களைக் கோணல் முனையுள்ள உதிரிப் படிகங்களாக மாற்றிவிடும். பார்க்க ரவை மாதிரி, தொட்டால் சீனி மாதிரி. மழைத்தகடு ஒன்று நடுவில் இருந்தால் ஆவி அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கும். தகட்டை ஒட்டி ரவை இன்னும் நன்றாக வளரும்.

ஆக, கீழே வழவழத் தகடு. அதன் மேல் ஒட்டாத ரவை. டிசம்பர், ஜனவரிப் புயல்களில் விழுந்த பனியெல்லாம் அதன் மேல் ஒரு மீட்டர், அதற்கும் மேல் என்று பாளமாக இறுகியது. அந்தப் பாளம் 35, 40 டிகிரிச் சாய்வில் ரவையை நம்பி நிற்கிறது.

இந்த நவம்பர் அடுக்கு ஏற்கெனவே ரத்தம் பார்த்திருந்தது. 12 நாள் முன்னால், ஜனவரி 20 அன்று, ரெவல்ஸ்டோக் ஊருக்கு வடக்கே டுரண்ட் பனியாற்றுப் பகுதியில் வழிகாட்டியோடு போன ஒரு குழுவில் 7 பேர் இறந்தார்கள். ஸ்னோபோர்டு உலகின் சூப்பர் ஸ்டாரான கிரெய்க் கெல்லி அவர்களில் ஒருவர். அந்தப் பனிக்காலம் முழுவதிலும் கனடாவில் பனிச்சரிவுக்குப் பலியானவர்கள் 29 பேர்.

இந்த மாதிரி அடுக்கில் ஒரு தந்திரம் உண்டு. அனுபவசாலிகள்கூட அதில் ஏமாறுகிறார்கள். புதுப்பனியின் பலவீனம் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ரவை அடுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மேலே பனி ஏற ஏற, ஒரு ஆளின் எடை அத்தனை ஆழத்துக்குப் போய்ச் சேராது. அதனால் உடையும் வாய்ப்பு குறைகிறது. கூடவே, உடைந்தால் வரப்போகும் பாளத்தின் கனம் கூடிக்கொண்டே போகிறது. 'ஒரு வாரமா ஒண்ணும் விழலையே' என்ற நிம்மதியும் அந்தக் கனமும் கைகோத்து வளர்கின்றன.

பாதையில் குழி தோண்டி அடுக்குகளைச் சோதிக்கலாமே என்று கேட்கலாம். சோதிக்கலாம்தான். மண்வெட்டியைப் பனித்தூண் மேல் வைத்து மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டி, எந்தத் தட்டுக்கு எந்த அடுக்கு உடைகிறது என்று பார்க்கும் சோதனை எல்லா வகுப்பிலும் சொல்லித் தரப்படுவது. ஆனால் ஓடைக்கரையில் தோண்டும் குழி ஓடைக்கரையைப் பற்றித்தான் சொல்லும். தலைக்கு மேலே, வேறு காற்றில் வேறு திசையில் கிடக்கும் பனியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

அன்று காலை

மலையில் மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்தை மரக்கோடு என்பார்கள். அன்றைய பனிச்சரிவு அபாய அறிவிப்பு இது: மரக்கோட்டுக்கு மேலேயும் மரக்கோட்டிலும் 'கணிசம்', மரக்கோட்டுக்குக் கீழே 'மிதம்'. ஐந்து படிகளில் குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம் என்று போகும் வரிசை. கணிசம் என்பது மூன்றாவது.

ஐந்துக்கு மூன்று என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? பாஸ் மார்க். நடுவில் இருக்கிறது, அதிகமும் இல்லை குறைவும் இல்லை. இந்த அளவுகோல் அப்படிப் போடப்பட்டதே இல்லை. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பல மடங்கு மோசம். கணிசம் என்றால் மனிதர் தூண்டிச் சரிவு விழ நல்ல வாய்ப்பு, தானாக விழவும் வாய்ப்பு உண்டு என்று பொருள். பனிச்சரிவில் இறப்பவர்களில் பெரும்பகுதி இந்தப் படியில்தான் இறக்கிறார்கள். மேல் இரண்டு படிகளில் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள்; இதில் கிளம்புவார்கள்.

சரி, அந்தக் குழு எந்தப் படியில் நடந்தது? பள்ளத்தாக்கின் அடியில், மரக்கோட்டுக்குக் கீழே. அதாவது அறிவிப்புப்படி 'மிதம்'. கொன்ற பனி புறப்பட்டது மேலே, 'கணிசம்' இருந்த இடத்திலிருந்து. அறிவிப்பில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. உயரவாரியாகப் பிரித்துச் சொன்னதைப் படிப்பவன் 'நான் நிற்கும் உயரம் எது' என்று தேடுகிறான். தேட வேண்டியதோ தன் தலைக்கு மேலே தொங்கும் உயரத்தை. பனி எப்படி இருக்கிறது என்று சொல்ல அன்று ஒரு முறை இருந்தது. இந்தப் பாதை எப்படிப்பட்ட பாதை என்று சொல்ல, பொதுமக்கள் கையில் ஒரு வார்த்தை இல்லை. என் கணக்கில் இந்த விபத்தின் மையம் அதுதான்.

இறங்கிய சரிவின் அளவை 3.5 என்று குறித்தார்கள். கனடாவின் 5 வரையிலான அளவுகோலில் 3 என்றால் ஒரு காரைப் புதைத்து நசுக்கும், சுமார் ஆயிரம் டன். 4 என்றால் ரயில் பெட்டியை உடைக்கும், பத்தாயிரம் டன். கீழே யாரும் மிதித்துத் தூண்டியது கிடையாது, தானாக உடைந்தது. சற்று முன் இந்தக் குழுவைத் தாண்டி மேலே போயிருந்த இரண்டு மலை வழிகாட்டிகள் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். பிள்ளைகளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்திருக்கும். ஓடி ஒதுங்கக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு வழிகாட்டிகள் இல்லாதிருந்தால் சாவு எண்ணிக்கை ஏழோடு நின்றிருக்காது. மேலிருந்து இன்னொன்று விழலாம் என்று தெரிந்தும் இறங்கி வந்து தோண்டத் தொடங்கினார்கள். வெளியே எடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைத் தோண்டினார்கள். சாட்டிலைட் போனில் தகவல் போய், பூங்கா மீட்புக்குழுவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். 10 பேர் பிழைத்தார்கள்.

கருவிகள் எப்போது வேலை செய்யும்

ட்ரான்ஸீவர், ப்ரோப் கம்பி, மண்வெட்டி. இந்த மூன்றும் இல்லாமல் பனிமலைக்குப் போகக் கூடாது என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை. மார்பில் கட்டிய ட்ரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டே இருக்கும். விபத்து நடந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பக்கம் வந்ததும் கம்பியைச் செருகித் தடவிப் பார்த்து, ஆள் தட்டுப்பட்டால் கம்பியை அப்படியே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும்.

தோண்டுவதுதான் கஷ்டம். ஓடி வரும்போது மாவு போல இருந்த பனி, நின்ற அடுத்த நொடி இறுகிவிடும். ஒரு கன மீட்டர் 400 கிலோ வரும். நாலு குவிண்டால் மூட்டை. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க அதைவிட அதிகமாகவே வாரி எறிய வேண்டும். உள்ளே இருப்பவருக்கோ முதல் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கும் வாய்ப்பு. 35 நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேருக்கும் கஷ்டம். கனடாவில் இறப்பவர்களில் நாலில் ஒருவர் மூச்சு முட்டிச் சாவதில்லை. மரத்திலும் பாறையிலும் மோதிய அடியிலேயே போய்விடுகிறார். அவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒருவர் புதைந்து பதினாறு பேர் வெளியே நின்றால் இந்தக் கருவிகள் அற்புதம். பதினேழு பேரும் ஒரே சரிவில் போனால், தேடுவது யார்? இடைவெளி விட்டு நடப்பதன் நோக்கமே அதுதான், ஒருவருக்கு மேல் சிக்கக் கூடாது. ஆனால் அந்த இடைவெளி ஒரு சின்னச் சரிவுக்குப் போட்ட கணக்கு. மலைமுகமே இறங்கும்போது முதல் ஆளும் கடைசி ஆளும் அதன் அகலத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

யாருடைய துணிச்சல்

விபத்துக்குப் பிறகு நடந்த வாதங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது, ரொம்பச் சங்கடமானதும்கூட. அதே நாளில் அதே பள்ளத்தாக்கில் அனுபவமுள்ள வழிகாட்டிகள் இருந்தார்களே, அப்படியானால் பள்ளி போனதில் என்ன தப்பு?

வளர்ந்த ஒருவர் எச்சரிக்கையைப் படித்து, மலையைப் பார்த்து, 'சரி, போகிறேன்' என்றால் அது அவர் உயிர், அவர் கணக்கு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு போடத் தெரியாது. போடச் சொல்லவும் கூடாது. அதற்காகப் பெற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் 'பனிமலைப் பயிற்சிக்குச் சம்மதம்' என்ற தாளில் கையெழுத்திடும் தாய்க்கு கியோப்ஸ் மலையின் வடக்கு முகம் எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் ஆசிரியர்கள்; அவர்கள் அந்த இடத்தை நேசித்தவர்கள், வருடா வருடம் போனவர்கள். போய்ப் பழகிய பாதையில் ஒன்றும் நடக்காத ஒவ்வொரு வருடமும் அது பாதுகாப்பான பாதை என்பதற்கு ஆதாரம் போல ஆகிவிடுகிறது. ஆசிரியர்களைக் கொடியவர்களாகக் காட்டும் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம், 'இயற்கை, யார் என்ன செய்ய முடியும்' என்று கையை விரிப்பதையும் ஏற்க முடியவில்லை. சரிவின் வழி எது என்று மரங்களே காட்டிக்கொண்டிருந்த இடம் அது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை என்றும் சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில், 15ஆம் மைல் அருகே சரிவு விழுந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அனுமதி 13ஆம் மைல் வரைதான். அவர்கள் மலை ஏறப் போனவர்கள் இல்லை, ஸ்கீ கட்டியவர்கள் இல்லை. பனியைத் தொட்டுப் பார்க்கச் சாலையோரம் போனவர்கள்.

அதற்குப் பின்

பூங்கா நிர்வாகத்தின் பனிச்சரிவு வேலைமுறையை வெளியாட்களை வைத்து அந்த வருடமே ஆராய்ந்தார்கள். 2004இல் தேசிய அளவில் ஒரு பனிச்சரிவு மையம் உருவானது. இன்று அது அவலாஞ்ச் கனடா. 2006இல், அபாய அறிவிப்பையும் பாதையின் தன்மையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஒரு கையடக்க அட்டை வந்தது. 2010இல் அபாய அளவுகோலின் வாசகங்களையே மாற்றி எழுதினார்கள், 'இந்த நிலையில் நீ என்ன செய்ய வேண்டும்' என்று தெரியும்படி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 2004இல் பூங்கா நிர்வாகம் கொண்டுவந்த நிலப்பிரிவு. பனி எப்படி இருக்கிறது என்பதைத் தொடவே தொடாமல், பாதையை மட்டும் பார்த்து மூன்றாகப் பிரித்தார்கள்: எளிது, சவாலானது, சிக்கலானது. சாய்வு எவ்வளவு, மேலே எத்தனை சரிவு வழிகள் தொங்குகின்றன, அவை எத்தனை அடிக்கடி இறங்கும், ஒதுங்கிப் போக வேறு வழி உண்டா, விழுந்தால் கொண்டுபோய்த் தள்ளும் ஓடையோ பள்ளமோ உண்டா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். பனி தினமும் மாறும். இந்தப் பிரிவு மாறாது. வீட்டில் உட்கார்ந்து, கிளம்பும் முன்னாலேயே, வானிலையைப் பார்ப்பதற்கும் முன்னாலேயே பார்த்துவிடலாம்.

அதோடு சேர்த்து ஒரு விதியும் போட்டார்கள். பள்ளி, சாரணர் போல அடுத்தவர் பிள்ளைகளைப் பொறுப்பேற்று அழைத்து வரும் குழுக்களுக்கு மட்டுமான விதி. பனிக்காலத்தில் எளிதான பாதைகளுக்கு அவர்கள் போகலாம். சவாலான பாதை என்றால் சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டி கூட இருக்க வேண்டும். சிக்கலான பாதைக்கு, எப்பேர்ப்பட்ட வழிகாட்டி கூட வந்தாலும், அறிவிப்புப் பலகையில் 'குறைவு' என்றே போட்டிருந்தாலும், அனுமதி கிடையாது.